அறுபது வயது மாப்பிள்ளையின் கால்

மகன் சரத்குமார் போன் செய்தபோது தெய்வநாயகி, தான் கவனித்துக்கொள்ளும் சவரியம்மாளை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, அடியில் கிடந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். அந்த வேலையைப் பாதியில் விடக் கூடாது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"அம்மா, ஒரு நல்ல விஷயம்."

அவன் நல்ல விஷயம் என்று தொடங்கியதெல்லாம் இதுவரை அவள் தலையில்தான் வந்து விடிந்திருக்கிறது. "சொல்லு" என்றாள்.

"அப்பாவுக்கு வர்ற தை மாசம் அறுபது முடியுதும்மா. அறுபதாம் கல்யாணம் பண்ணிடலாம்னு அத்தை சொல்றாங்க. திருக்கடையூர்ல. நீ வேலைய விட்டுட்டு வந்துடு."

"கல்யாணத்துக்கு லீவு போட்டா போதாதா? வேலைய எதுக்கு விடணும்?"

அந்தப் பக்கம் ஒரு இருமல். "இல்லம்மா, அதுக்கப்புறம் அப்பா கூடவே இருந்துடலாம்ல. அதானே மொறை."

சவரியம்மாளுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பொம்மையார்பாளையத்திலேயே டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அதற்கும் சேர்த்துக் காது வேலை செய்தது. சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டார்.

"யாருக்குடி கல்யாணம்?"

"எனக்குத்தாம்மா."

"மாப்பிள்ளை?"

"பழைய ஆளுதான்."

"எங்க சர்ச்சுல இந்த வசதி இல்ல. ஒரு தடவைதான். ஒருத்தர் செத்தா உண்டு, இல்லைன்னா இல்ல" என்றார் சவரியம்மாள். வருத்தமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

தெய்வநாயகி புது விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள். ஒரு சுருக்கம் போதும், முதுகில் புண் வந்துவிடும்.

இரண்டாவது கல்யாணத்தின் அழகு தெரிய வேண்டுமென்றால் முதல் கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தெய்வநாயகி பிறந்தது திண்டிவனத்துக்கு உள்ளே தள்ளி, மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை விளையும் ஒரு கிராமத்தில். இருபது வயதில் அவளைப் பெண் பார்க்க மரக்காணத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை தனகோடிக்கு உப்பளத்தில் குத்தகைப் பாத்திகள் இருந்தன. பெயரில் ஒரு கோடி இருந்தது. மற்றதை யாரும் விசாரிக்கவில்லை.

வருங்கால மாமியார் பாக்கியலட்சுமி பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. "பொடவைய செத்த தூக்கும்மா, காலப் பாக்கணும்" என்றார். கூடவே வந்த மூத்த மகள் சின்னப்பாப்பா குனிந்து, மாட்டுச் சந்தையில் குளம்பு பார்ப்பதுபோலக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். உப்பளத்து வீடுகளில் அப்படித்தான். வெடிப்பு விட்ட காலில் உப்புத் தண்ணீர் ஏறினால் அந்தப் பருவம் முழுக்கப் புண் ஆறாது. மருமகள் கட்டிலில் கிடந்தால் உப்பை யார் சுமப்பது?

"காலு நல்லா இருக்குது" என்றாள் சின்னப்பாப்பா. தெய்வநாயகியின் முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. கேசரியைத் தின்று, காபியைக் குடித்து, வாசலில் செருப்பை மாட்டியபடி பாக்கியலட்சுமி எல்லோரும் சொல்வதைச் சொன்னார்: "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்புவதற்கு மூன்று மாதம் ஆனது. அதுவரைக்கும் வேறு ஊர்களிலும் கால் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அதன் பிறகு இருபத்து நான்கு வருடம் அந்தக் கால் உழைத்தது. தை பிறந்தால் பாத்திக்குப் போவாள். வாரிக் குவித்த உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். வானம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தனகோடியும் உழைத்தவர்தான், பொய் சொல்லக் கூடாது. ஐம்பது வயது வரைக்கும் உழைத்தார். ஐம்பதாவது வயதில் அவருக்கு மாற்றம் வந்துவிட்டது.

சிலருக்கு அந்த வயதில் கண்ணில் புரை வரும். தனகோடிக்கு ஞானம் வந்தது. அந்த வருடம் மழை வெளுத்து வாங்கி உப்பளமெல்லாம் ஏரியாகக் கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் வேலி கட்டும் வேலைக்குப் போனார். அங்கே இயற்கை வாழ்வு முகாம் நடத்திக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தார். எல்லோரும் அவரை ஐயா என்றார்கள். அடுப்பில் வைத்தது எதையும் ஐயா சாப்பிட மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, மனித குலத்தின் முதல் எதிரி உப்பு என்றார்.

தனகோடி அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழம்பை ஒதுக்கி வைத்தார்.

"உப்பு வெஷம்" என்றார்.

தெய்வநாயகி அவரையும் பார்த்தாள், கொல்லையில் காயும் அவருடைய உப்புக் கறை படிந்த வேட்டியையும் பார்த்தாள். "இத்தினி வருஷமா லாரி லாரியா அந்த வெஷத்ததானே ஏத்தி அனுப்பனோம்?"

"அந்தப் பாவத்ததான் கழுவணும்."

கழுவப் போனவர் திரும்பவில்லை. முதலில் வாரம் ஒரு முறை வந்தார், பிறகு மாதம் ஒரு முறை, அப்புறம் பொங்கலுக்கு. ஐயாவுக்கு அவர் ரொம்ப உபயோகமாக இருந்தார். கூட்டத்துக்குக் கூட்டம் மேடையில் ஏற்றி, "உப்பளத்திலேயே பிறந்து உண்மையை உணர்ந்தவர்" என்று அறிமுகப்படுத்தினார்கள். கை தட்டினார்கள். வாழ்நாளில் பாத்தியில் நின்றதற்கு யாரும் கை தட்டியதில்லை. நிற்காமல் போனதற்குத் தட்டினார்கள்.

இந்தப் பக்கம் மாமியார் பாக்கியலட்சுமி கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆக, பாத்திகள், மாமியார், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன், மூன்றும் தெய்வநாயகிக்கு வந்து சேர்ந்தன. தனகோடி ஒரு முறை வந்து அம்மாவின் இடுப்பில் ஈர மண்ணைக் குழைத்துப் பூசி, கஞ்சியில் உப்புப் போட வேண்டாம் என்று ஐயாவின் ஆலோசனையைச் சொன்னார். கிழவி டம்ளரை அவர் மேலேயே எறிந்தார். குறி தப்பவில்லை. மாமியார் மேல் தெய்வநாயகிக்குப் பிரியம் வந்தது அந்த நாளில்தான், கொஞ்சம் தாமதம்.

கிழவி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்ட வந்த பெண்கள் முதுகைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு புண் இல்லை. துக்கம் கேட்க வந்த ஊர் நர்ஸம்மா தெய்வநாயகியைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுக்குப் பாண்டில டிரெயினிங் தர்றாங்க. போயேன். நீ சும்மா செஞ்சதுக்குச் சம்பளம் தருவாங்க."

அதுவரைக்கும் அதற்குச் சம்பளம் உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பாத்திகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். வகுப்பில் எல்லாம் இருபது வயதுப் பெண்கள். அவர்களுக்கு ஆளைத் தூக்கத்தான் கற்றுத் தர வேண்டியிருந்தது. இவளுக்கு ஆளைத் தூக்காமல் இருக்கக் கற்றுத் தர வேண்டியிருந்தது. முதல் நாளே சொன்ன பாடம் ஒன்றுதான்: நோயாளி தானே செய்துகொள்ளக்கூடியதை நீ செய்யாதே, செய்தால் அவருக்கும் கெடுதல், உன் இடுப்புக்கும் கெடுதல்.

தெய்வநாயகி அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள். நோயாளிக்கே அப்படியென்றால், நோய் நொடி ஒன்றும் இல்லாத ஆட்களுக்கு இத்தனை காலம் தட்டு கழுவி, துணி துவைத்து, எண்ணெய் தேய்த்துவிட்டதை என்ன கணக்கில் வைப்பது? அன்று ராத்திரி சரத்குமார் சாப்பிட உட்கார்ந்து, "அம்மா, தட்டு" என்றான். "அலமாரில" என்றாள். இருபத்து மூன்று வயதில் அவன் அந்த வீட்டு அலமாரியை முதன்முதலாகக் கண்டுபிடித்தான். அம்மா மாறிவிட்டாள் என்று அத்தையிடம் புகார் போனது.

மாறித்தான் இருந்தாள். நான்கு வருடமாகப் பொம்மையார்பாளையத்தில் சவரியம்மாளோடு இருக்கிறாள். தனக்கென்று ஒரு அறை. உள்ளே தாழ்ப்பாள். ஸ்கூட்டி ஓட்டுவாள். பசித்தபோது சாப்பிட்டாள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு அல்ல. இந்தக் கடைசி விஷயம் பழகத்தான் கொஞ்ச நாள் பிடித்தது.

இப்படி இருக்கும்போதுதான் போன ஐப்பசியில் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சீடர்கள் பார்க்கப் போனபோது அவருடைய கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். தனகோடிக்குக் கலைந்து போக ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மரக்காணத்தில் மகன் வீட்டு வாசலில் துணிப்பையோடு வந்து நின்றார். அன்றைக்கே மருமகள் பிரியங்காவிடம், "கருவாடு இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஐயா சொன்னாரென்று சர்க்கரை மாத்திரையை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. வலது குதிகாலில் ஒரு புண். அதை யார் கழுவுவது, எப்போது கழுவுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. பிரியங்கா பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள். சரத்குமாருக்குக் கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்துவிடும். சின்னப்பாப்பா வந்து பார்த்தாள், மோவாயில் கை வைத்து யோசித்தாள். தம்பிக்கு அறுபதாம் கல்யாணம் செய்தால் ஆயுள் நீளும் என்று கண்டுபிடித்தாள்.

இதைச் சொல்லத்தான் போன் வந்த அடுத்த வாரம் அவளே பஸ் ஏறிப் பொம்மையார்பாளையம் வந்தாள். சவரியம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா தெய்வநாயகி, ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் அள்ளிக் கொட்டுற. கட்டின புருஷனுக்குச் செய்யக் கூடாதா?"

"ஊரு பேரு தெரியும் அண்ணி. சவரியம்மா, பொம்மையார்பாளையம்."

"கொழுப்ப பாரு. அவன் ஒண்ணும் குடிச்சானா, கூத்தியா வச்சானா? தேடிப் போனான். திரும்பி வந்துட்டான்."

"இன்னாத்த தேடனாரு, கெடச்சுதா?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? தாலிய இன்னொரு தடவ கட்டிக்க. பட்டுப் பொடவை எடுத்துத் தர்றோம். பேரப் புள்ள பொறக்கப் போவுது, பக்கத்துல இரு. வயசான காலத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் வேணாமா?"

"ஒருத்தருக்கு ஒருத்தர்னா ரெண்டு பேரு கணக்கு வருது அண்ணி. நீங்க சொல்றதுல நான் ஒருத்திதான் இருக்கேன்."

சின்னப்பாப்பா சவரியம்மாளை நியாயம் கேட்கிற மாதிரி பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கம்மா. நீங்க படிச்சவங்க."

"நான் சொன்னா சுயநலம்பீங்க" என்றார் சவரியம்மாள். "இவ போயிட்டா என்னைத் திருப்பிப் போட ஆளில்ல. அதனால நான் வாயத் தொறக்கல."

தெய்வநாயகி உலர்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். பயம் இருந்தது. மறுப்பது அவளுக்குக் கஷ்டமில்லை; மறுத்த பிறகு மகன் முகத்தில் விழிப்பதுதான் கஷ்டம். ஒத்துக்கொண்டால் இந்தத் தாழ்ப்பாள் போய்விடும். இரண்டாம் முறை கட்டும் தாலியைக் கழற்ற அவளுக்குத் தெம்பு இருக்காது. கடைசித் துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சரி அண்ணி. கல்யாணம்னா ஒரு மொறை இருக்குது இல்ல? போன தடவ நீங்க வந்து பாத்தீங்க. இந்தத் தடவ நான் வந்து பாக்குறேன். ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைய ரெடியா இருக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் பேசினார்கள். பெண் வீட்டுப் பெரியவர் யாரும் இல்லாமல் போகக் கூடாது என்று சவரியம்மாள் அடம்பிடித்துக் கிளம்பினார். மடக்கிய சக்கர நாற்காலி டிக்கியில். வெறுங்கையோடு போகக் கூடாதென்று கூனிமேட்டில் காரை நிறுத்தி வெற்றிலை, பாக்கு, கொய்யாப்பழம் வாங்கினார்கள். பக்கத்து மருந்துக் கடையில் கட்டுப் போடும் காஸ் துணி, பிளாஸ்டர், சலைன் பாட்டில். பெட்டிக் கடையில் ஒரு கைக்கண்ணாடி. எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் அடுக்கி, மேலே பூவும் வைத்தாள் தெய்வநாயகி.

சரத்குமார் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தாம்பாளத்தைப் பார்த்ததும் பிரியங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சரத்குமார் மட்டும், "ஏம்மா அவர அசிங்கப்படுத்துற?" என்று முணுமுணுத்தான்.

"இதுல இன்னாடா அசிங்கம்? எனக்குப் பண்ணப்ப எல்லாரும் சடங்குன்னாங்க" என்றாள்.

"மாப்பிள்ளைய வரச் சொல்லுங்கம்மா. காபிய அவரு கையாலயே கொண்டு வரட்டும்" என்றார் சவரியம்மாள்.

தனகோடி வந்தார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் தட்டு. பத்து வருடம் பச்சைக் காய்கறி தின்ற உடம்பு முருங்கைக்காய் மாதிரி இருந்தது. வலது காலின் முன்பக்கத்தை மட்டும் ஊன்றி நடந்தார். டம்ளரெல்லாம் தட்டில் தாளம் போட்டன. ஒருத்தர் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டு, உட்காரலாமா என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார். தெய்வநாயகிக்கு அந்தச் சுவரோரம் தெரியும். அங்கே நின்று தரையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்றும் தெரியும். இருந்தாலும் உடனே உட்காரச் சொல்லவில்லை.

"சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார் சவரியம்மாள்.

"காய் அரிவேங்க" என்றார் தனகோடி. "அடுப்பு பழக்கமில்ல. முகாம்ல அடுப்பே கெடையாது."

"அப்ப இந்தக் காபி?"

"மருமவ போட்டுக் குடுத்துச்சு."

"உண்மைய சொல்றாரு. நல்ல கொணம்" என்றார் சவரியம்மாள்.

"போதும்டி யம்மா இந்தக் கூத்து" என்றாள் சின்னப்பாப்பா.

"இன்னும் முக்கியமானத பாக்கலையே அண்ணி." தெய்வநாயகி கீழே உட்கார்ந்து, எதிரே நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க. வேட்டிய செத்த தூக்குங்க, காலப் பாக்கணும்."

சின்னப்பாப்பா மட்டும் சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள்.

குதிகாலைச் சுற்றி ஒரு பழைய துண்டின் கிழிசல். அதைச் சலைன் ஊற்றி நனைத்து, மெல்ல உரித்தாள். அதற்குப் பிறகு கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தெய்வநாயகி முகர்ந்து பார்த்தாள். சுற்றிலும் அழுத்தி, "தெரியுதா? இங்க? இங்க?" என்று கேட்டாள். பாதி இடத்தில் தனகோடிக்குத் தெரியவில்லை.

"சரத்து, நாளைக்கு லீவு போடு. காலையில இவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. சர்க்கரை பாக்கணும், இதையும் டாக்டர் பாக்கணும். இன்னும் ஒரு வாரம் விட்டீங்கன்னா கால எடுக்கக் கையெழுத்து கேப்பாங்க. திருக்கடையூருக்கு ஒத்தக் காலோட போகணும்."

சரத்குமார் தலையாட்டினான்.

அவளே கழுவினாள், துடைத்தாள், காஸ் வைத்து ஒட்டினாள். அப்புறம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள். கைக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தாள். "இப்ப நீங்க செய்யுங்க. கண்ணாடிய கீழ வச்சுப் பாருங்க. கை எட்டுது, கண்ணு தெரியுது. டாக்டர் சொல்ற மருந்த வச்சு தெனமும் நீங்களேதான் கட்டணும்."

தனகோடி முதல் முறை கோணலாக ஒட்டினார். இரண்டாம் முறை பரவாயில்லை. நெற்றி வேர்த்து, திருநீறு கரைந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"நீ வந்துடு தெய்வா. நீ இல்லாம ரொம்ப கஷ்டமா இருக்குது."

"அது தெரியுது. நான் வந்தா நீங்க எனக்கு இன்னா செய்வீங்க?"

தனகோடி அக்காவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"அத யோசிக்கல" என்றார் கடைசியில்.

"யோசிங்க. அவசரமில்ல. பத்து வருஷம் தியானம் பண்ணவருதானே."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். கொய்யாப்பழத்தைப் பிரியங்காவிடம் கொடுத்தாள். "ஆறாவது மாசம், நின்னுக்கினே இருக்காத" என்றாள். சவரியம்மாளின் நாற்காலியை வாசலுக்குத் தள்ளினாள். செருப்பை மாட்டும்போது திரும்பினாள்.

"ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்."

சின்னப்பாப்பாவுக்கு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும்.

சொல்லி அனுப்ப தெய்வநாயகியும் அவசரப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் போய்ப் புண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்தாளே தவிரத் தொடவில்லை. தனகோடி மாத்திரை போட்டார். கண்ணாடியை வைத்துக்கொண்டு தானே கட்டினார். வேட்டியைத் தானே அலசினார். ஒரு நாள் அடுப்பைப் பற்ற வைத்துப் பால் பொங்கவிட்டு, துடைக்கவும் செய்தார் என்று பிரியங்கா போனில் சொன்னாள். வந்த நாள் முதல் மாமா தனியாகச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது குறைந்திருக்கிறது என்றும் சொன்னாள். மார்கழி முடிவதற்குள் புண் மூடிவிட்டது.

தை பிறக்கும்போது சின்னப்பாப்பா பொறுமை இழந்து போன் செய்தாள். தெய்வநாயகி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாதாம்மா முடிவு? தேதி குறிக்கணும். காலுதான் ஆறிடுச்சே. அவன் நல்லாத்தானே நடக்குறான்."

"ஆமா அண்ணி, பாத்தேன். காலு நல்லா இருக்குது. அவரே கட்டிக்கிறாரு, அவரே தோச்சிக்கிறாரு, காபியும் போடுறாராம். அப்புறம் அவருக்கு எதுக்கு ஆளு?"

"அப்ப கல்யாணம்?"

"பழைய தாலி கழுத்துலதான் கெடக்குது, அதுவே போதும். இன்னொண்ணு கட்டணும்னா வேற எடம் பாருங்க."

கட்டிலில் சவரியம்மாள் குலுங்கினார். சிரிப்பா இருமலா என்று பார்த்துவிட்டு, தெய்வநாயகி போனை வைத்தாள். தலையணையைச் சரிசெய்து, அவரை வலது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள்.